மணலெழுத்து முதல் மணற்கேணி வரை

கல்விக்குக் கருவி வேண்டும். ஆனால் கருவி வந்த அளவிலே கல்வி வந்துவிடுவதில்லை. இவ்வுண்மை புதியதன்று. எனினும், பள்ளிக்கூடத்திற்குப் புதிய கருவி ஒன்று வந்து சேரும்போதெல்லாம் நாம் இதனை மறந்துவிடுகிறோம். விழா எடுக்கிறோம், மாலையிடுகிறோம், இனி மாணவரெல்லாம் தாமே கற்றுத் தேறிவிடுவர் என்று நம்புகிறோம். சில ஆண்டுகள் சென்றபின், அக்கருவி மூலையில் தூசி படிந்து கிடப்பதைக் கண்டு, இதனால் பயனில்லை என்று சலித்துக்கொள்கிறோம். அந்த நம்பிக்கையும் மிகை. இந்தச் சலிப்பும் மிகை. இன்று நம் பள்ளிகளில் கணினியும் கைக்கணினியும் ஒளித்திரையும் புகுந்துள்ளன. இவற்றை எவ்வாறு ஏற்றுக்கொள்வது, இடர்ப்பாடு எங்கே உள்ளது என்பவற்றை அறிய வேண்டுமாயின், இவற்றுக்கு முன்பு வந்த கருவிகளின் வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பது நலம்.

எடப்பாடி, நெசவாளர் வாழும் ஊர். சரபங்கா நதி இவ்வூர் வழியே செல்கிறது. சிறிது தொலைவில் பூலாம்பட்டியில் காவிரி ஓடுகிறது. தறியோசை கேளாத தெரு இவ்வட்டாரத்தில் அரிது. தறிக்காரர் ஒருவர் புதிய தறி வாங்கும்போது தறியை மட்டும் பார்ப்பதில்லை. நூல் எங்கே கிடைக்கும், பாவு ஓட்டித் தருபவர் யார், பழுது நேர்ந்தால் யார் வந்து பார்ப்பார், எந்தத் துணி நெய்தால் விலைபோகும் என்பவற்றையெல்லாம் கேட்டறிந்த பின்னரே பணத்தை எண்ணி வைப்பார். பள்ளிக்கு வரும் கருவியைக் குறித்தும் இத்தகைய வினாக்களையே நாம் கேட்டல் வேண்டும். இவற்றுக்கு விடை கிடைத்த காலங்களில் கருவி பயன்பட்டது. விடை கிடைக்காத காலங்களில் அது வெறும் பொருளாகக் கிடந்தது. இதற்கு நம் நாட்டுக் கல்வி வரலாறே சான்று.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கருவிகள் மிகச் சில. தரையில் பரப்பிய மணல், பனையோலை, எழுத்தாணி ஆகியவையே அவை. சிறுவன் முதலில் மணலில் விரலால் எழுதுவான். எழுத்துப் பிழைபட்டால் கையால் தடவி அழித்துவிட்டு மீண்டும் எழுதுவான். கை பழகிய பின்னரே ஓலையைத் தொடுவான். அரிச்சுவடியும் எண்சுவடியும் மனப்பாடமாகும். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை, இளையோருக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பான். மணலுக்கு விலையில்லை, அது உடைவதுமில்லை, பூட்டிவைக்க வேண்டியதுமில்லை. ஆசிரியர் அறிந்த பாடமும் மாணவன் கையிலிருந்த கருவியும் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தன.

இம்முறையின் சிறப்பைக் கண்டு வியந்தவர் ஓர் அயல்நாட்டார். ஸ்காட்லாந்து நாட்டவரான ஆண்ட்ரூ பெல், 1789-ஆம் ஆண்டு முதல் சென்னை எழும்பூரில் இருந்த அனாதைச் சிறுவர் இல்லத்தின் கண்காணிப்பாளராய் இருந்தார். நம் நாட்டுச் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த மாணவரைக்கொண்டு இளைய மாணவருக்குக் கற்பிக்கவும் செய்தார். தம் முயற்சியைப் பற்றி அவர் எழுதிய நூல் 1797-இல் இலண்டனில் வெளியாயிற்று. 'மதராஸ் முறை' என்னும் பெயரோடு அம்முறை இங்கிலாந்தில் பரவியது. நம் மணலெழுத்துக் கடல் கடந்து சென்ற கதை இது.

ஆயினும், திண்ணைப் பள்ளியைப் புகழும்போது அதன் குறையை மறைத்தலாகாது. அத்திண்ணையில் ஏறி அமரும் உரிமை எல்லார்க்கும் இருக்கவில்லை. பெண் மக்களுள் மிகச் சிலரே கற்றனர். ஒடுக்கப்பட்ட மக்களுக்கோ பெரும்பாலும் கதவே திறக்கவில்லை. சென்னை மாகாண ஆளுநராயிருந்த சர் தாமஸ் முன்ரோ, 1822-ஆம் ஆண்டில் மாவட்டந்தோறும் பள்ளிகளின் நிலையை விசாரிக்குமாறு ஆட்சியாளர்களுக்கு ஆணையிட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 1,88,650 பேர் பயின்றனர். அன்றைய மக்கள் தொகையோ 1,28,50,941. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது கணக்கு. ஆசிரியர் ஒருவருக்குத் திங்களுக்கு ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேல் வருவாய் இல்லை என்றும், தகுதியுடையோர் அப்பணிக்கு வருவதற்கு இத்தொகை போதாது என்றும் முன்ரோ எழுதினார். நல்ல புத்தகமும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் ஒருங்கே வேண்டும் என்பது அவர் கருத்து. 1827-இல் அவர் காலமானார். அவர் வகுத்த திட்டமும் அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் கைவிடப்பட்டது.

அச்சுப் புத்தகத்தின் கதையும் இத்தகையதே. தமிழ் எழுத்தில் அச்சிட்ட நூல் 1578-ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் வெளிவந்துவிட்டது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு முயற்சியால் 1713-இல் தமிழ் அச்சுவேலை தொடங்கியது. ஆனால், இவற்றுக்குப் பின் நெடுங்காலம் வரையில் திண்ணைப் பள்ளி மாணவன் கையில் பனையோலையே இருந்தது. காரணங்கள் பல. நம் நாட்டார் தடையின்றி அச்சுக்கூடம் நடத்த வழி பிறந்தது 1835-இல்தான். புத்தகத்தின் விலையும் எளியோர்க்கு எட்டவில்லை. எல்லாவற்றினும் மேலாக, ஓலையில் கற்ற ஆசிரியருக்கு அச்சுப் புத்தகத்தைக்கொண்டு வகுப்பு நடத்தும் முறை தெரியாது. 1856-இல் சென்னையில் அரசினர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. அத்தகைய பயிற்சிப் பள்ளிகள் பெருகப் பெருகத்தான் பாடப்புத்தகம் வகுப்பறையின் உயிர்நாடியாயிற்று. அச்சுப்பொறி புத்தகத்தைத் தந்தது. அதனைப் பாடமாக்கியவர் பயிற்சி பெற்ற ஆசிரியர்.

அடுத்து வந்தது வானொலி. சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாளிலும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாளிலும் தொடங்கின. பள்ளி ஒலிபரப்பும் வளர்ந்தது. ஆனால் ஊர்ப்பள்ளிக்கு வானொலிப் பெட்டி எங்கிருந்து வரும்? அதற்கு நாட்டு மக்களே விடை கூறினர். கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் வழிகாட்ட, 1958-இல் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு முதன்முதலாக நடந்தது. பின்னர் அது மாநிலமெங்கும் பேரியக்கமாகப் பரவிற்று. மேசை, நாற்காலி, கடிகாரம், கரும்பலகை, வானொலிப் பெட்டி என்று ஊரார் தத்தம் பள்ளிக்கு மனமுவந்து வழங்கினர். தாம் கொடுத்த பொருள் என்பதால் அதன் நலத்தையும் அவர்களே கவனித்தனர்.

வானொலி நன்கு பேசும்; ஆனால் மாணவன் ஐயம் கேட்டால் விடை சொல்லாது. ஒலிபரப்பு நேரமும் பள்ளியின் பாடவேளையும் ஒத்துவராத நாள்களும் உண்டு. எனவே, ஒலிபரப்புக்கு முன் பொருளை எடுத்துரைத்து, கேட்டு முடிந்தபின் வினாக்கள் எழுப்பி விளக்கிய ஆசிரியரின் வகுப்பிலேதான் வானொலி கல்வியாயிற்று. பிறவிடங்களில் அது வெறும் ஓசையாய் நின்றது. 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-இல் சென்னையில் தொடங்கிய தொலைக்காட்சிக்கும் இது பொருந்தும்.

1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, 1987-இல் கரும்பலகைத் திட்டம் வந்தது. ஒவ்வொரு தொடக்கப்பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், தேவையான கற்பித்தல் பொருள்கள் என்பது அதன் நோக்கம். நோக்கம் உயர்ந்தது. ஆனால், பெட்டி நிறைய வந்த பொருள்கள் பல பள்ளிகளில் பெட்டியை விட்டு வெளிவரவில்லை. ஏன்? ஒவ்வொரு பொருளும் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருந்தது. உடைந்தால் தலைமையாசிரியர் விடைசொல்ல வேண்டும். தணிக்கைக்கு வருவோர் எண்ணிப் பார்ப்பர். ஆதலின், பயன்படுத்திக் கெடுப்பதினும் பூட்டிக் காப்பதே அறிவுடைமை எனப் பலர் கருதினர். தேய்ந்த பொருளைக் குற்றமாகக் கருதும் முறை இருக்கும்வரை, புதிய பொருள் எதுவும் மாணவன் கைக்கு எளிதில் வாராது. மணலுக்கு இருப்புப் பதிவேடு இல்லை என்பதை ஈண்டு நினைவிற்கொள்ளலாம்.

இனி, கணினிக்கு வருவோம். கணினியை நமக்குச் சிறிதும் தொடர்பில்லாத பொருளென்று நெசவாளர் ஊரினர் எண்ண வேண்டியதில்லை. இளம்பிள்ளையிலும் பிறவிடங்களிலும் பட்டுச் சேலைக்குப் பூவேலை செய்யும் ஜக்கார்டுத் தறியைக் கண்டிருப்பீர்கள். துளையிட்ட அட்டைகள் வரிசையாகத் தொங்கும். துளை உள்ள இடத்தில் ஓர் இழை எழும், இல்லாத இடத்தில் எழாது. இதனை 1804-ஐ ஒட்டிப் பிரான்சு நாட்டில் அமைத்தவர் ஜக்கார்டு. அத்துளையட்டையைக் கணக்கிடும் பொறிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று இங்கிலாந்தில் சார்லசு பாபேஜ் எண்ணினார். அமெரிக்காவில் ஹொலரித் என்பார், 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் துளையட்டைகளின் துணைகொண்டு விரைந்து முடிக்கச் செய்தார். உண்டு, இல்லை என்னும் இரண்டே குறியால் எல்லாவற்றையும் எழுதிவிடும் கணினியின் அடிப்படை, தறியின் மேல் தொங்கும் அட்டையிலும் உள்ளது. நெசவாளர் பிள்ளைக்கு இதனைச் சொல்லிக்கொடுத்தால், கணினி அவனுக்கு உறவுப் பொருளாகிவிடும்.

இந்தியப் பள்ளிகளில் கணினியைப் புகுத்தும் 'கிளாஸ்' திட்டம் 1984-85-இல் தொடங்கியது. பி.பி.சி. மைக்ரோ என்னும் இங்கிலாந்துக் கணினிகள் தெரிந்தெடுத்த சில பள்ளிகளுக்கு வழங்கப்பட்டன. அவற்றின் கட்டளைகள் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றுக்கான பாடங்களும் நம் பாடத்திட்டத்தினின்று எழுந்தவை அல்ல. தமிழ்வழியில் கற்கும் சிற்றூர் மாணவனுக்கு அது கண்ணாடிக்குள் இருந்த பொம்மையைப் போன்றதே.

தமிழ் எழுத்தே கணினியில் நிலைகொள்ளப் பல்லாண்டு பிடித்தது. ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் அடித்த பாடத்தை மற்றொரு கணினியில் திறந்தால், பொருளற்ற குறிகளே தோன்றிய காலம் ஒன்று இருந்தது. ஆசிரியர் ஒருவர் உழைத்து ஆக்கிய பாடம் அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் பயன்படவில்லை. 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் கூடிய 'தமிழ்இணையம் 99' மாநாட்டின் பயனாகத் தமிழ்நாடு அரசு விசைப்பலகைக்கு ஒரே முறையை வகுத்தது. 2010-இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. இதற்கிடையே, 1998-இல் மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றத் தொடங்கியது. 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஓலையிலிருந்து அச்சுக்கு மாறிய காலத்தைப் போலவே, அச்சிலிருந்து திரைக்கு மாறும் காலத்திலும் எழுத்தைச் செப்பனிடும் பணி முதலில் நடக்க வேண்டியிருந்தது. அப்பணி முடிந்ததனால்தான், இன்று ஆசிரியர் ஒருவர் எழுதும் தமிழ்ப் பாடம் எவர் கையிலுள்ள கருவியிலும் பிழையின்றித் தோன்றுகிறது.

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-இல், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயிலும் மேனிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் தொடங்கியது. பல இலட்சம் இல்லங்களுக்கு அதுவே முதற் கணினியாயிற்று. கருவி மாணவனுக்கே உரியதாகிவிட்டது. பூட்டும் சாவியும் பதிவேடும் இடையில் இல்லை. இது பெரியதொரு மாற்றம். ஆயினும், வகுப்பில் பாடம் நடந்த முறையும் தேர்வு நடந்த முறையும் முன்போலவே இருந்தமையால், மடிக்கணினி பாடத்தோடு சேராமல் தனித்து நின்ற இடங்களே மிகுதி. பிற நாட்டு அனுபவமும் இதனையே கூறும். தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் நாட்டுப்புறப் பள்ளிச் சிறுவர்க்கு மடிக்கணினி வழங்கினர். 319 பள்ளிகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவு யாதெனின், கணக்கிலும் மொழியிலும் கருவி பெற்ற பள்ளிக்கும் பெறாத பள்ளிக்கும் வேறுபாடு காணப்படவில்லை என்பதாம். அதே வேளையில், 2015-இல் தில்லியில் மற்றொரு சோதனை நடந்தது. மாணவன் எந்தப் படியில் நிற்கிறானோ அந்தப் படியிலிருந்தே கணக்கையும் மொழியையும் தொடங்கும் கணினிப் பாடம், துணையாசிரியரோடு சேர்த்து அளிக்கப்பட்டது. சில மாதங்களிலேயே மாணவர் நன்கு முன்னேறினர். இரண்டு நாட்டிலும் கருவி கணினியே. அதனுள் இருந்த பாடமும் அதன் அருகில் இருந்த ஆளுமே வேறு.

2018-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டுப் புதிய பாடப்புத்தகங்களில் கியூ.ஆர். குறியீடுகள் அச்சிடப்பெற்றன. கைப்பேசியை அக்குறியின்மேல் காட்டினால் படமும் விளக்கமும் தோன்றும். அச்சுப் புத்தகத்தைத் தள்ளிவிடாமல் அதனோடு திரையை இணைத்தது நல்ல சிந்தனை. உயர்நிலை, மேனிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தன. எடப்பாடித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் அந்நாளைய முதலமைச்சருமாகிய திரு. எடப்பாடி கே. பழனிசாமி அவர்கள், 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-இல் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டிலேயே அது பெருஞ்சோதனையைச் சந்திக்க நேரும் என்று அன்று எவரும் எண்ணவில்லை.

2020 மார்ச்சில் கொரோனா நோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. தொடக்க வகுப்புக் குழந்தைகள் மீண்டும் பள்ளிக்கு வந்தது 2021 நவம்பரில். ஏறத்தாழ இருபது மாதங்கள்! பாடம் முழுதும் கைப்பேசிக்கும் தொலைக்காட்சிக்கும் மாறியது. ஆனால் கருவி எத்தனை வீட்டில் இருந்தது? 2017-18-இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்திய நாட்டுப்புறத்தில் நூற்றுக்கு நான்கு வீடுகளிலேதான் கணினி இருந்தது. இணைய வசதி இருந்தவை நூற்றுக்குப் பதினைந்து வீடுகள். நெசவாளர் வீட்டில் கைப்பேசி ஒன்று இருந்தாலும், அது தந்தையின் சட்டைப் பையில் தறிப்பட்டறைக்குப் போய்விடும். வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால், அந்த ஒன்றை யார் எடுப்பது? பெரும்பாலும் மூத்தவன் எடுப்பான், தங்கை பார்த்திருப்பாள். பள்ளியில் இல்லாத பிள்ளை பாவு பிணைக்கவும் தார் சுற்றவும் துணையாகிவிடுவது நெசவு ஊர்களில் அரிதன்று. அன்று திண்ணைக்கு வெளியே நின்றவர் வழிவந்த பிள்ளைகளே, இன்று திரைக்கு வெளியேயும் நிற்க நேருமாயின், இரண்டு நூற்றாண்டுகளாக நாம் திறந்த கதவு மறுபடியும் சாத்தப்பட்டதாகவே பொருள்.

அந்த இழப்பை ஈடுசெய்தது எது? 2021 அக்டோபர் 27-இல் விழுப்புரம் மாவட்டத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. அந்தந்த ஊரைச் சேர்ந்த தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், மாலை வேளையில் தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் வீட்டு முற்றத்திலும் குழந்தைகளைக் கூட்டிப் பாட்டும் கதையும் கணக்கும் சொல்லித்தந்தனர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களில் இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் விளைந்தது என்றும் 2022-இல் எழுதினர். திரையால் எட்ட முடியாத குழந்தையை அடுத்த வீட்டு அக்காள் எட்டிப் பிடித்தாள்.

இதனால் திரை வேண்டா என்பது என் கருத்தன்று. விண்மீன்களின் இயக்கத்தையும் இதயத்தின் துடிப்பையும் கரும்பலகையில் எவ்வளவு நன்றாக வரைந்தாலும் திரையில் காணும் தெளிவு வாராது. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப்பள்ளிகளில் 22,000-க்கு மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகளும், தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கு ஏறத்தாழ 80,000 கைக்கணினிகளும் வழங்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் 2023-இல் 'மணற்கேணி' என்னும் செயலியை வெளியிட்டது. பாடப்பொருள்கள் அதில் அசையும் படங்களாகத் தமிழில் விளக்கப்படுகின்றன. வாய்ப்பு பெரிது. அதனை வீணாக்காதிருக்க, மூன்று வினாக்களைத் தலைமையாசிரியரும் பெற்றோரும் கல்வி அதிகாரிகளும் இடைவிடாது கேட்டுவர வேண்டும்.

முதல் வினா: சாவி யாரிடம் இருக்கிறது? ஆய்வகம் பூட்டியிருக்கும் நாள்களைவிடத் திறந்திருக்கும் நாள்கள் மிகுந்திருக்க வேண்டும். பயன்பாட்டால் தேய்ந்த கருவிக்கு ஆசிரியரைப் பொறுப்பாக்காத விதியும், பழுது நீக்குபவர் சில நாள்களுக்குள் வந்து சேரும் ஏற்பாடும் தேவை. எடப்பாடியில் தறி நின்றால் மறுநாளே ஆள் வந்துவிடுகிறார்; பள்ளிக் கணினிக்கும் அத்தகைய ஆள் வட்டந்தோறும் வேண்டும்.

இரண்டாம் வினா: பாடம் யாருக்கானது? நன்கு கற்கும் மாணவன் திரையின்றியும் கற்பான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் குழந்தைக்கு அதன் படியிலிருந்து, அதன் மொழியில், அது அறிந்த தறியையும் வயலையும் காவிரியையும் காட்டித் தொடங்கும் பாடங்களே வேண்டும்.

மூன்றாம் வினா: ஆசிரியருக்குப் பயிற்சியும் நேரமும் கிடைக்கின்றனவா? ஒருநாள் கூட்டத்தில் பொத்தான்களைக் காட்டிவிட்டு அனுப்புவது பயிற்சியாகாது. புள்ளிவிவரங்களைக் கைப்பேசியில் பதிவதிலேயே ஆசிரியரின் பொழுது கழியுமானால், கற்பிக்க வந்த கருவியே கற்பித்தலுக்குத் தடையாகிவிடும். எந்தப் பாடத்திற்குத் திரை வேண்டும், எதற்குக் கரும்பலகை போதும், எதற்கு மணலே சிறந்தது என்று தேர்ந்தெடுக்கும் அறிவும் உரிமையும் ஆசிரியரிடம் இருத்தல் வேண்டும்.

மணற்கேணி என்னும் சொல், திருக்குறளின் கல்வி அதிகாரத்திலிருந்து எடுத்தது. கேணி தானாக நீர் தருவதில்லை. தோண்டுகிறவர் தோண்டிய அளவுக்கே தரும். கருவிகள் மாறிக்கொண்டே வரும். நாளை வேறொன்று வரும். எக்கருவி வரினும், ஆசிரியர் மாணவன் கையைப் பிடித்துத் தோண்டக் கற்றுத்தருவதும், ஊரிலுள்ள எந்தக் குழந்தையும் அக்கேணிக்கு வெளியே நிற்காதபடி நாம் பார்த்துக்கொள்வதுமே கல்வியாகும்.